போன் சொல்லும் திசையை நம்பலாமா?

களத்தில் பாறைகளை வரைபடமாக்குவது பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை போனைப் பற்றியே கேட்கின்றன. 32 வருடங்களாகக் களத்துக்குப் போய் வருகிறேன். முதல் பாதியில் தாளும் பென்சிலும். பின்பாதியில் தாளும் பென்சிலும் போனும். மூன்றையும் விரும்பித்தான் பயன்படுத்துகிறேன். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: வணக்கம் மேடம். அடுத்த மாதம் எங்கள் முதல் களப்பயணம். பிரன்டன் காம்பஸ் இல்லாமல் வரக் கூடாது என்கிறார் பேராசிரியர். போனிலேயே ஸ்ட்ரைக், டிப் எடுத்துவிடலாம், அதை ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்கிறார்கள் சீனியர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— நிலவியல் முதுகலை மாணவி

இரண்டையும் எடுத்துப் போங்கள். ஏன் என்று தெரிந்துவிட்டால் சுமையாகத் தோன்றாது.

மற்ற வாசகர்களுக்காகச் சில வரிகள். பிரன்டன் என்பது நிலவியலாளர்கள் களத்தில் திசையையும் சாய்வையும் அளக்கும் காம்பஸ். சாய்ந்து கிடக்கும் பாறைப் படுகையின் மேல் ஒரு கிடைக்கோடு போட்டால், அந்தக் கோடு நீளும் திசைதான் ஸ்ட்ரைக். கிடைமட்டத்திலிருந்து படுகை எத்தனை டிகிரி இறங்குகிறது என்பது டிப். பூமிக்கு அடியில் அந்தப் படுகை எங்கே போகிறது என்று ஊகிக்க இந்த இரண்டு எண்கள்தான் நமக்குக் கைப்பிடி.

போன் இந்த இரண்டையும் ஒரே தட்டலில் தந்துவிடுகிறது. ஆனால் உள்ளே இரண்டும் வேறு வேறு உணரிகளிலிருந்து வருகின்றன. டிப் முடுக்கமானியிலிருந்து வருகிறது. பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அது அளக்கிறது. அந்த இழுப்பைப் பக்கத்தில் இருக்கும் எந்தப் பொருளும் குழப்ப முடியாது. அதனால் போன் தரும் டிப்பை நான் பெரும்பாலும் நம்புகிறேன். திசையின் கதை வேறு. அது காந்தமானியிலிருந்து வருகிறது. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். கதவில் ஒட்டிவைக்கும் சின்னக் காந்தம்கூடப் பக்கத்தில் வந்தால் அதை அமுக்கிவிடும். போனுக்குள்ளேயே ஒலிபெருக்கிக் காந்தம் இருக்கிறது. அதன் பாதிப்பைக் கழித்துவிட்டுத்தான் போன் திசை சொல்கிறது. அந்தக் கழித்தல் கணக்கு தப்பினால் திசையும் தப்பும்.

ஒரு முறை நைஸ் (gneiss) என்ற பட்டை பட்டையான பாறைக் குன்று ஒன்றில் மாணவர் குழு மூன்று நாள் அளந்தது. ஒருவருடைய ஸ்ட்ரைக் மட்டும் மற்றவர்களுடையதிலிருந்து 30, 40 டிகிரி விலகியிருந்தது. அங்கே ஒரு மடிப்பு இருப்பதாக அவர் உறுதியாக நம்பினார். மடிப்பின் அச்சைக்கூட வரைந்துவிட்டார். மறுநாள் இருவரும் அதே பாறைக்குப் போய் உட்கார்ந்தோம். போன் உறையின் மூடியில் ஒரு காந்தப் பொத்தான் இருந்தது. உறையைக் கழற்றி அளந்தோம். மடிப்பு இல்லை. என்னை உறுத்தியது பிழை அல்ல, பிழை யாருக்கும் வரும். அவருடைய பட்டியலில் ஒவ்வொரு அளவும் 247.3 என்பது போலத் தசமப் புள்ளியோடு இருந்தது. அந்தத் தசமத்தைப் பார்த்துத்தான் அவர் சந்தேகிக்காமல் விட்டிருக்கிறார்.

அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரும்பு ஆணி இல்லாத மரப்பலகை ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். அதன் மேல் முதலில் பிரன்டனை வைத்துத் திசை பாருங்கள். அதை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு அதே விளிம்பில் போனை வையுங்கள். பலகையை 45 டிகிரி வீதம் திருப்பி எட்டுத் திசையிலும் இதைச் செய்யுங்கள். இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள், ஒன்றின் காந்தம் மற்றதைத் தொந்தரவு செய்யும். எட்டிலும் வித்தியாசம் ஒரே அளவு என்றால் அதைக் கழித்துக்கொள்ளலாம். வடக்கில் 2, கிழக்கில் 15 என்று மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் போனை டிப் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் காலையில் ஒரு தடவை, வண்டியிலிருந்து இறங்கிய பின் ஒரு தடவை, போனைக் காற்றில் எட்டுப் போட்டுச் சுழற்றிக் காந்தமானியைச் சரிப்படுத்துங்கள். சுத்தியலையும் கைக்கடிகாரத்தையும் தள்ளி வையுங்கள். ஒரு தளத்தை ஒரு முறை அளந்துவிட்டு நகராதீர்கள், ஐந்தாறு முறை வெவ்வேறு இடத்தில் வைத்து அளங்கள். போனுக்கு அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். பிரன்டனை விடப் போனை நான் நேசிக்கும் இடம் இதுதான்: அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று கண்ணால் பார்க்க முடிகிறது. படுகை ஏறக்குறைய கிடைமட்டமாக, டிப் 5 டிகிரிக்கும் குறைவாக இருந்தால் ஸ்ட்ரைக் எப்படியும் தாறுமாறாகத்தான் வரும். அதற்கு எந்தக் கருவியும் பொறுப்பில்லை.

இன்னும் மூன்று விஷயம். இன்றைய போன்களின் முதுகில் கேமரா துருத்திக்கொண்டிருக்கிறது. அது 3 மில்லிமீட்டர் துருத்தினால், 14 சென்டிமீட்டர் நீளப் போன் ஒரு டிகிரிக்குச் சற்று மேலாகச் சாய்ந்துவிடும். முதலில் பாறை மேல் ஒரு கெட்டி அட்டை நோட்டை வைத்து, அதன் விளிம்புக்கு வெளியே கேமரா வரும்படி போனை வையுங்கள். அடுத்தது, வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்கும் ஊசி காட்டும் காந்த வடக்கும், இரண்டும் ஒன்றல்ல. நிறையச் செயலிகள் உலகக் காந்த மாதிரியை வைத்து இந்த வித்தியாசத்தைத் தாமே திருத்திவிடுகின்றன (அந்த மாதிரியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்). செயலி திருத்தியதை நீங்களும் மறுபடி திருத்தினால் இரட்டைத் திருத்தமாகிவிடும். அமைப்பில் எது இருக்கிறது என்று பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கடைசியாக, மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் நிறைந்த பாறையில் போன், பிரன்டன் இரண்டுமே தவறும். 1894-இல் காப்புரிமை பெற்ற பிரன்டனிலும் இருப்பது காந்த ஊசிதானே. அங்கே வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் இரண்டு இடங்களைப் பார்வைக்கோட்டில் பிடித்துத் திசை கணக்கிடுவதுதான் வழி.

கேள்வி: எந்தச் செயலி நல்லது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
— களப்பணிக்குப் புதியவர்

ஒன்றே ஒன்று என்றால் கியூஃபீல்டு. கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீங்களே தயாரித்த வரைபடத்தையும் படிவத்தையும் அப்படியே கைக்குள் கொண்டுவருகிறது, இரண்டும் இலவசம். படிவத்தை நாமே அமைக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். காரணத்தை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். பாறைத் தளங்களையும் கோடுகளையும் அளந்து உடனே ஸ்டீரியோநெட்டில் (திசைகளையும் சாய்வுகளையும் ஒரே வட்டத்துக்குள் காட்டும் படம்) பார்க்க ஃபீல்டுமூவ் கிளைனோ. கட்டமைப்பு நிலவியலில் ஆழமாக இறங்குபவர்களுக்கு ஸ்ட்ராபோஸ்பாட். அதன் யோசனை அழகானது: ஒரு பாறை முகப்பு ஒரு புள்ளி, அதற்குள் ஒரு மடிப்பு ஒரு புள்ளி, அந்த மடிப்பில் உடைத்தெடுத்த மாதிரி இன்னொரு புள்ளி என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். நிலவியல் நம் மனதிலும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. நிற்கும் இடத்தின் கீழே என்ன பாறை என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசை என்றால் ராக்டி போதும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேக்ரோஸ்ட்ராட் குழு உருவாக்கியது.

எதை எடுத்தாலும், பதிவுகளை வேறு மென்பொருள்களும் திறக்கக்கூடிய சிஎஸ்வி அல்லது ஜியோபேக்கேஜ் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலிலேயே பாருங்கள். முடியாதென்றால் வேண்டாம்.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?
— மலையேற்ற ஆர்வலர்

செய்யும். போன் செயற்கைக்கோள்களைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது, பேசுவதில்லை. சிம் இல்லாவிட்டாலும் இடம் தெரியும். சிக்னல் இல்லாவிட்டால் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். காணாமல் போவது பின்னணி வரைபடம். வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். முந்தின இரவே வரைபடத்தை இறக்கி வைத்துவிட்டு, விமானப் பயன்முறையில் போட்டு, நாளை போகும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கியபோது மங்கினால் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: போன் "4 மீட்டர் துல்லியம்" என்று காட்டுகிறது. ஆனால் ஓடைக்கரைப் பாறைச் சுவரின் கீழ் நின்ற என்னை எதிர்க்கரையில் காட்டியது. பிறகு எப்படி அதை வைத்துப் பாறை எல்லைகளை வரைவது?
— ஆய்வு மாணவர்

மிக நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு போனில் அந்த 4 மீட்டர் என்பது ஒரு வட்டம். உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு 68 விழுக்காடு என்பதுதான் அதன் பொருள். நூறில் முப்பது தடவைக்கு மேல் வெளியே இருக்கலாம். வானம் முழுதாகத் திறந்திருக்கும் இடத்தில் சாதாரணப் போன் சுமார் 5 மீட்டருக்குள் பிடித்துவிடும். பாறைச் சுவரின் கீழே பாதி வானம் மறைந்திருக்கிறது. மீதி சிக்னல்களில் சில எதிரே உள்ள பாறையில் பட்டுத் திரும்பி வருகின்றன. சுற்றி வந்த சிக்னல் தாமதமாக வரும். தூரம் அதிகம் என்று போன் நினைத்துக்கொள்ளும். 2018 முதல் வந்த இரட்டை அலைவரிசைப் போன்கள் இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன, முழுதாக அல்ல. நான் செய்வது பழைய வழி. சுவரிலிருந்து விலகி வானம் தெரியும் இடத்துக்கு வந்து, இரண்டு நிமிடம் அசையாமல் நின்று, அங்கே இடம் குறிப்பேன். பிறகு "இங்கிருந்து வடமேற்கே 22 மீட்டரில் பாறை" என்று காலடி எண்ணி எழுதுவேன்.

பழைய வரைபடத்தின் மேல் நீலப் புள்ளி வைக்கும்போதும் கவனம். போன் டபிள்யூஜிஎஸ் 84 என்ற அடிப்படையில் இடம் சொல்கிறது. எவரெஸ்ட் 1830, கிளார்க் 1866 போன்ற பழைய நீள்கோளங்களை (பூமியின் வடிவத்துக்கான கணித உருவங்கள்) வைத்து வரைந்த தாள்களை மாற்றாமல் அப்படியே ஏற்றினால் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை தள்ளி நிற்கும். ஓடைச் சந்திப்பு போல மாறாத ஒரு இடத்தில் நின்று முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

இனி எல்லைக்கு வருவோம். 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு தரையில் 25 மீட்டர் அகலம். ஜிபிஎஸ்ஸின் 5 மீட்டர் அதில் பத்தில் ஒரு மில்லிமீட்டர். ஆக, அந்த அளவில் இடம் குறிப்பதில் வரும் பிழை பெரிய விஷயமே அல்ல. மணற்கல்லும் களிப்பாறையும் தொடும் இடம் பெரும்பாலும் மண்ணுக்கும் புல்லுக்கும் கீழேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் மேட்டில் மணற்கல் தெரியும், அந்தப் பக்கம் பள்ளத்தில் களிப்பாறைச் சில்லுகள் கிடக்கும், நடுவில் 60 மீட்டருக்கு ஒன்றுமே தெரியாது. தாளில் இருந்தபோது தடித்த பென்சில் நம்மை அடக்கி வைத்தது. திரையிலோ விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவில் கோடு போட முடிகிறது. செயலி அட்சரேகையை எட்டுத் தசம இடம் வரை சேமிக்கும். எட்டாவது இடம் தரையில் ஒரு மில்லிமீட்டர். அந்த மில்லிமீட்டரை நாம் பார்க்கவே இல்லையே.

நானே இதில் விழுந்திருக்கிறேன். செயற்கைக்கோள் படத்தில் ஒரு சரிவு முழுக்க, மேலே வெளிர்நிறமும் கீழே கருநிறமுமாக, அறுத்தாற்போல் ஒரு கோடு தெரிந்தது. கீழே பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை என்று முடிவு செய்து, மேசையில் உட்கார்ந்தபடியே இரண்டு கிலோமீட்டருக்கு எல்லை வரைந்தேன். அடுத்த மழைக்காலம் முடிந்து நேரில் ஏறிப் பார்த்தால் மேலும் கீழும் ஒரே பாறை. படம் எடுத்த சமயத்தில் கீழ்ப்பாதியில் புல் எரிந்திருந்தது. என் வரைபடத்தில் அது நேரில் பார்த்த எல்லையைப் போலவே முழுக்கோடாக இருந்தது. வேறொருவர் அதை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் வேறுபாடு தெரிந்திருக்க வழியே இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

தாள் வரைபடத்தில் இதற்கென்றே ஒரு மொழி உண்டு. பார்த்த எல்லைக்கு முழுக்கோடு, ஊகித்ததற்கு விட்டுவிட்டுக் கோடு, மண்ணால் மூடிக் கிடப்பதற்குப் புள்ளிக்கோடு. செயலியில் விரலால் இழுத்தால் எல்லாமே முழுக்கோடாகத்தான் விழும். அதனால் என் கியூஃபீல்டு படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறேன், நிரப்பாமல் அடுத்ததுக்குப் போகவே முடியாது. ஒன்று, "எப்படித் தெரியும்?" பார்த்தேன், ஊகித்தேன், மூடியிருக்கிறது, படத்தில் மட்டும் பார்த்தேன் என்று நான்கு தேர்வுகள். இன்னொன்று, "எத்தனை மீட்டருக்குள்?" அதில் ஒரு எண். கணினியில் முதல் கட்டத்தைப் பார்த்துக் கோட்டின் பாணி தானாக மாறும். இந்த இரண்டு கட்டம் வந்த பிறகு நான் வரையும் கோடுகள் குறைந்துவிட்டன, நடப்பது கூடிவிட்டது. உங்கள் ஆய்வுக்கு இதை மட்டும் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கடல் அலை காலைத் தொடும் இடத்தில் நின்றபோது போன் உயரம் மைனஸ் 90 மீட்டருக்கு மேல் காட்டியது! போன் பழுதா?
— கடற்கரைவாசி

பழுதில்லை. நீங்கள் அறியாமலேயே பூமியின் ஈர்ப்புப் புலத்தை அளந்திருக்கிறீர்கள்!

செயற்கைக்கோள் முறை முதலில் தருவது, கணிதத்தில் வழவழப்பாக வரைந்த நீள்கோளத்திலிருந்து உள்ள உயரம். கடலோ அந்த வழவழப்பைப் பின்பற்றுவதில்லை. பூமிக்குள் எடை ஒரே சீராகப் பரவியில்லாததால் ஈர்ப்பு கூடிய இடத்தில் கடல்மட்டம் மேலேயும் குறைந்த இடத்தில் கீழேயும் நிற்கிறது. அந்த மேடுபள்ளப் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். உலகிலேயே அதன் ஆழமான பள்ளம் இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, சுமார் 106 மீட்டர். நியூ கினி பக்கம் சுமார் 85 மீட்டர் மேடு. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. ஒன்றில் எடுத்த உயரத்தை இன்னொன்றில் எடுத்ததோடு கலக்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

படுகையின் தடிமன் அளக்க உயர வித்தியாசம் மட்டும் போதும் என்றால், போனில் காற்றழுத்தமானி இருக்கிறதா பாருங்கள். கடல்மட்டத்துக்கு அருகே ஒவ்வொரு 8 மீட்டர் ஏற்றத்துக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒரு மணி நேரத்துக்குள் கீழிருந்து மேலே போய், கீழே வந்து மறுபடி சரிபார்த்தால் ஜிபிஎஸ் உயரத்தைவிட நன்றாகவே வரும். வானிலை மாறும் நாளில் வேண்டாம்.

கேள்வி: மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப் போனால் பாறையைப் பார்ப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இனி நோட்டுப் புத்தகம் தேவையா?
— கல்லூரி ஆசிரியர்

தேவை. நான் முதல் பத்து நிமிடம் போனைப் பைக்குள் வைக்கச் சொல்வேன். எதிரே உட்கார்ந்து வரையட்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. குறுக்குப் படுகை, அதாவது படுகைக்குள்ளேயே சாய்ந்து கிடக்கும் மெல்லிய அடுக்குகள், உள்ள மணற்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் நிழல், பாசி, விரிசல் எல்லாம் சம அளவில் விழும். வரைகிற பிள்ளை நாலைந்து வளைகோடுகளைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். அப்போதுதான் அவை கீழே தழுவி இறங்குவதும், மேலே பட்டென்று வெட்டுப்பட்டு நிற்பதும் கண்ணில் படும். வெட்டுப்பட்ட பக்கம், மணல் படிந்த அன்றைக்கு மேல்பக்கம். இந்தப் படுகை நேராகக் கிடக்கிறதா, புரண்டு கிடக்கிறதா என்பதற்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. அப்புறம் போனை எடுக்கட்டும். ஓவியத்தையும் படம் எடுத்து அதே புள்ளியில் சேர்க்கட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவருடைய போன் ஓடையில் விழுந்து, மூன்று நாள் பதிவுகள் அதோடு போயின. அவர் நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் எண், ஸ்ட்ரைக், டிப், ஒரு வாக்கியம் இருந்தன. அந்த ஒற்றை வாக்கியங்களை வைத்து இரண்டு இரவில் வரைபடத்தை மீட்டோம். இப்போது தினமும் சாப்பிட உட்காருவதற்கு முன் எல்லோரும் தங்கள் கோப்பை வேறு இரண்டு இடத்தில் நகலெடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெயிலையும் சொல்லிவிடுங்கள். ஐபோன்களை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தும்படிதான் ஆப்பிள் சொல்கிறது. வெயிலில் காய்ந்த கரும்பாறை மேல் போனை வைத்தால் சூடேறித் தானே நின்றுவிடும்.

கேள்வி: நடைப்பயிற்சியில் ஒரு பாறையில் சுருள் வடிவப் புதைபடிவம் கண்டேன். படத்தைப் பொதுவில் போடலாமா?
— வாசகர் ஒருவர்

கண்ணில் பட்டதற்கு வாழ்த்துகள். பெயர்த்தெடுக்காமல் விட்டதற்கு நன்றி. போடுவதற்கு முன் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்குங்கள், பகிரும்போதே நீக்கும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. சரியான இடம் வெளியே தெரிந்தால் உளியோடு ஆள் வந்துவிடும், அடுத்த முறை நீங்கள் போகும்போது குழிதான் இருக்கும். இடக் குறிப்பு உள்ள மூலப் படத்தை, அளவுக்கு ஒரு நாணயம் வைத்தது ஒன்று, சுற்றுப்புறம் தெரியும்படி பத்தடி தள்ளி எடுத்தது ஒன்று என இரண்டாக, பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ தனியாக அனுப்புங்கள். அது பாறையிலேயே பதிந்திருந்ததா, உருண்டு வந்த கல்லில் இருந்ததா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.